பதினான்கு குழாய் களிமண்: ஒரு மாணவர் ஆய்வு விருதுத் தேர்வு பற்றிய நிகழ்வு ஆய்வு

புவித்தொழில்நுட்பப் பொறியியலில் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆண்டுதோறும் ஆய்வு விருது கொடுக்கும் குழு ஒன்றில் சில காலம் நடுவராக இருந்தேன். அதில் ஓர் ஆண்டு நடந்த தேர்வை மட்டும் எடுத்து, முதலிலிருந்து முடிவுவரை எழுதுகிறேன். மாணவர்கள் இருவரும் யார் என்று தெரியாதபடி களம், கல்வி நிலையம், அமைப்பு எல்லாவற்றின் பெயரையும் விட்டுவிட்டேன். சில எண்களை முழு எண்ணாக்கியிருக்கிறேன். நடந்த வரிசையில் மாற்றம் எதுவும் செய்யவில்லை.

அன்று நாங்கள் தவறான முடிவோடு எழுந்து போயிருப்போம். ஒரு நடுவர் கேட்ட ஒரே ஒரு கேள்வி அதைத் தடுத்தது. அந்தக் கேள்வி எங்கள் விண்ணப்பப் படிவத்தில் எங்குமே இல்லை. என்னை இன்றும் உறுத்துவது அதுதான்.

விருதின் அமைப்பு

இந்தத் துறையில் மாணவர்களுக்கும் இளம் பொறியாளர்களுக்கும் தரப்படும் விருதுகளில் பல, ஆய்வகத்திலும் களத்திலும் உழைத்தவர்களின் பெயரைத் தாங்கியவை. பிரிட்டனின் கூலிங் பரிசு, அங்கே கட்டட ஆய்வு நிலையத்தில் மண் இயக்கவியல் பிரிவை வளர்த்த லெனார்டு கூலிங்கின் பெயரில் இருக்கிறது. கனடாவில் பட்ட மேற்படிப்பு மாணவர்களுக்கான உதவித்தொகை ஒன்று மைக்கேல் பொசொசுக் பெயரில் இருக்கிறது. கடல்படிவுக் களிமண்ணை எந்தக் கருவியால் எடுக்கிறோம், எந்த அளவில் எடுக்கிறோம், எத்தனை நாள் வைத்திருந்து சோதிக்கிறோம் என்பதெல்லாம் முடிவை எப்படி மாற்றுகிறது என்று 1971-லேயே கட்டுரை எழுதியவர் அவர். இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எங்கள் விருது இவற்றைப் போலப் புகழ்பெற்றது அல்ல. தொகையும் சிறியதுதான். ஒரு மாணவர் சில மாதச் சோதனைச் செலவைச் சமாளிக்கலாம், அல்லது ஒரு மாநாட்டுக்குப் போய்வரலாம். இரண்டு பக்க ஆய்வுச் சுருக்கம், நெறியாளரின் பரிந்துரைக் கடிதம், பணத்தை எதற்குச் செலவிடப்போகிறார் என்று அரைப் பக்கக் குறிப்பு, இவ்வளவுதான் விண்ணப்பம். மதிப்பெண் புதுமைக்கு 40, ஆய்வு முறைக்கு 30, பயனுக்கு 20, எடுத்துரைக்கும் விதத்துக்கு 10. நடுவர்கள் மூன்று பேர். தன் மாணவர் போட்டியில் இருந்தால் அந்த நடுவர் அந்த விண்ணப்பத்தைத் தொடக்கூடாது. அந்த ஆண்டு 11 விண்ணப்பங்கள் வந்தன. நான்கு பேரை நேர்காணலுக்கு அழைத்தோம். படித்துப் போட்ட மதிப்பெண்ணில் முதலிடத்தில் ஒருவர் இருந்தார், மூன்றாம் இடத்தில் ஒருவர் இருந்தார். இந்தக் கதை அந்த இருவரைப் பற்றியது.

முதலிடத்தில் இருந்த விண்ணப்பம்

அந்த மாணவர் எடுத்துக்கொண்டது கூம்பு ஊடுருவல் சோதனை. துறையில் எல்லோரும் சிபிடி என்றுதான் சொல்வோம். 60 பாகை முனையும் 10 சதுர சென்டிமீட்டர் பரப்பும் கொண்ட கூம்பை நொடிக்கு 2 சென்டிமீட்டர் வேகத்தில் தரைக்குள் அழுத்துவார்கள். முனையில் எவ்வளவு எதிர்ப்பு, பக்கத்தில் எவ்வளவு உராய்வு, துளை நீர் அழுத்தம் எவ்வளவு என்று கருவி பதிந்துகொண்டே போகும். 2 சென்டிமீட்டருக்கு ஒரு பதிவு என்றால் 10 மீட்டரில் 500 பதிவுகள் கிடைத்துவிடும்.

இந்தப் பதிவுகளிலிருந்து மென்களிமண்ணின் வடிகாலற்ற வெட்டு வலிமையை, அதாவது உள்ளிருக்கும் நீர் வெளியேற நேரமில்லாதபோது சறுக்கி உடையாமல் மண் தாங்கும் அளவைக் கணிக்க வழக்கமான சூத்திரம் ஒன்று உண்டு. முனை எதிர்ப்பிலிருந்து மேலே உள்ள மண்ணின் அழுத்தத்தைக் கழித்து, ஒரு கூம்புக் காரணியால் வகுப்பது. அந்தக் காரணி பெரும்பாலும் 10-க்கும் 20-க்கும் இடையில் எங்காவது விழும். அதனால்தான் எல்லோருக்கும் அதில் ஒரு மனக்குறை. மாணவர் அந்தச் சூத்திரத்தை ஒதுக்கிவிட்டு ஒரு நரம்பியல் வலையமைப்பை, அதாவது தரவிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் கணினி நிரலைப் பயிற்றுவித்திருந்தார். ஆறு களங்கள், 12,000 வரித் தரவு. கணித்ததற்கும் அளந்ததற்கும் இடையிலான பொருத்தம் 0.97 (1 என்றால் முழுப் பொருத்தம்). வரைபடத்தில் புள்ளிகள் எல்லாம் 45 பாகைக் கோட்டில் ஒட்டிக்கொண்டு நின்றன. எழுத்து தெளிவாக இருந்தது, படங்கள் அழகாக இருந்தன. மூன்று நடுவர்களின் சராசரி 84. நான் போட்டது 86.

மூன்றாம் இடத்தில் இருந்த விண்ணப்பம்

இந்த மாணவி ஒரே ஒரு களத்தில், 6 மீட்டருக்கும் 12 மீட்டருக்கும் இடையில் எடுத்த 14 மெல்சுவர்க் குழாய் மாதிரிகளை வைத்து வேலை செய்திருந்தார். கேள்வி எளிமையானது. தரைக்குள் இருந்த களிமண்ணும் என் மேசைக்கு வந்து சேர்ந்த களிமண்ணும் ஒன்றுதானா?

குழாய் உள்ளே இறங்கும்போது ஓரத்தில் உள்ள மண்ணை இழுத்துக்கொண்டு போகிறது. நடுவில் இருக்கும் மண் முதலில் அமுங்கி, பிறகு நீளுகிறது. மேலே தூக்கியதும் சுற்றியிருந்த அழுத்தம் போய்விடுகிறது. லேபில் குழாயிலிருந்து தள்ளும்போது மறுபடி ஓர் அடி. இந்தச் சேதத்தை அளக்க ஒரு வழி இருக்கிறது. மாதிரியைத் தரையில் அது தாங்கிக்கொண்டிருந்த அதே அழுத்தத்துக்கு மெல்லத் திரும்பக் கொண்டுபோக வேண்டும். குலையாத மண் என்றால் அது கிட்டத்தட்ட அசையாது. குலைந்த மண் நீரை விட்டுவிட்டுச் சுருங்கும். அப்போது வெற்றிட விகிதம் (மண்ணில் உள்ள இடைவெளிக்கும் திடப்பொருளுக்கும் உள்ள விகிதம்) எவ்வளவு குறைந்தது என்பதைத் தொடக்க வெற்றிட விகிதத்தால் வகுத்தால் தரம் தெரிந்துவிடும். நார்வே புவித்தொழில்நுட்ப நிறுவனத்தின் லுன்னே, பெர்ரே, ஸ்ட்ராண்ட்விக் மூவரும் 1997-ல் வெளியிட்ட அளவுகோல் இது. இப்போதுள்ளதைவிட மிகப் பெரிய சுமையை முன்பு தாங்கியிராத களிமண்ணுக்கு 0.04-க்குக் கீழே என்றால் மிக நன்று, 0.07 வரை நன்று அல்லது சுமார், 0.14 வரை மோசம், அதற்கு மேல் மிக மோசம்.

அவருடைய 14 மாதிரிகளில் 3 மிக நன்று, 4 சுமார், 5 மோசம், 2 மிக மோசம். தொடக்க வெற்றிட விகிதம் 1.73 இருந்த மண்ணில் நல்ல மாதிரி 0.06 குறைந்தது, கெட்ட மாதிரி 0.26 குறைந்தது. வகுத்தால் 0.035, 0.15. இரண்டும் ஒரே துளையில், ஒரு மீட்டர் இடைவெளியில் எடுத்தவை.

இந்த 14-ஐயும் அப்படியே அட்டவணையாகப் போட்டிருந்தார். எதையும் மறைக்கவில்லை. மோசமான ஏழுக்கும் என்ன காரணம் என்று தனித்தனியாக எழுதியிருந்தார். ஒன்றில் குழாயின் வெட்டுமுனை மழுங்கியிருந்தது. இரண்டில் குழாயை இறக்குவதற்கு முன் துளையின் அடியைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை. இன்னொன்றில் காரணம் தெரியவில்லை என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தார்.

மதிப்பெண் 71. புதுமைக்கு 40-ல் 22 தான் கிடைத்தது. ஒரு நடுவர் ஓரத்தில் எழுதிய குறிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "இது ஹ்வோர்ஸ்லெவ் காலத்துக் கேள்வி." 1949-லேயே மண் மாதிரி எடுப்பது பற்றி எழுதியவர் அவர்.

நேர்காணல்

தற்செயலாக அந்த மாணவி முதலில் வந்தார், சிபிடி மாணவர் அடுத்து வந்தார். வரிசை மாறியிருந்தால் முடிவும் மாறியிருக்குமோ என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

மாணவி பத்து நிமிடத்தில் ஏழு நிமிடத்தை ஒரே ஒரு குழாய்க்குச் செலவிட்டார். முதலில் அதன் எக்ஸ்ரே படம். நடுவில் மெல்லிய மணல் படிவுகள் நேர்கோடாகக் கிடந்தன. ஓரத்துக்கு வர வர அவை கீழ்நோக்கி வளைந்து, கவிழ்த்த கிண்ணம் போல ஆகியிருந்தன. மேல்முனையில் ஒரு விரற்கடை ஆழத்துக்கு விரிசல். அடுத்து, குழாயை அறுத்து, சுவரை ஒட்டிய மண்ணை மெல்லிய கம்பியால் சுற்றிலும் அறுத்து விடுவித்த பிறகே மாதிரியை வெளியே எடுத்ததைக் காட்டினார். நேராகத் தள்ளினால் சுவரில் ஒட்டிய மண் மறுபடி இழுபடும். அப்புறம் ஒரு வட்ட வில்லையை மூன்று வளையமாக வெட்டி, ஒவ்வொன்றின் ஈரப்பதத்தையும் தனித்தனியாகப் பார்த்திருந்தார். ஓரத்தில் 61 சதவீதம், இடையில் 64, நடுவில் 66.

"இந்த வித்தியாசம் தரையிலேயே இருந்ததா?" என்று கேட்டேன்.

"இல்லை சார். எடுத்த இரண்டு நாளில் பார்த்த பாதியில் மூன்று வளையமும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்தது. இது 60 நாள் வைத்திருந்து பார்த்த மறுபாதி. ஓரத்தில் குலைந்துபோன மண் இறுகி, தண்ணீர் நடுவுக்கு நகர்ந்திருக்கிறது."

அதாவது மூடி, மெழுகு வைத்து, குளிர்ந்த அறையில் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் 60 நாளும் மாதிரி உள்ளுக்குள் மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. நடுப்பகுதியை வீங்கவிடாமல் பிடித்து வைத்திருந்த உறிஞ்சழுத்தம் அந்தத் தண்ணீரால் குறைந்துபோகிறது. நாம் சோதனைக்குச் செதுக்கி எடுப்பதோ அந்த நடுப்பகுதியைத்தான். பொசொசுக் பெயரை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காக. அவர் எழுப்பிய கேள்வியைத்தான் இந்த மாணவி இன்னொரு களிமண்ணில், இன்னும் நுணுக்கமாகக் கேட்டிருந்தார்.

"ஆனால் இதை நான்கு குழாயில்தான் பார்த்தேன் சார். பொதுவாகச் சொல்ல அது போதாது" என்று அவரே சேர்த்துச் சொன்னார்.

அடுத்து சிபிடி மாணவர். நன்றாகவே பேசினார். முடித்ததும் எங்களில் மூத்தவர், மண் உருளையைச் சுற்றிலும் அழுத்தி வலிமை பார்க்கும் டிரையாக்சியல் கருவிக்கு முன்னால் வாழ்நாளில் பாதியைக் கழித்தவர், அமைதியாகக் கேட்டார்: "12,000 வரி என்கிறீர்கள். ஆய்வகத்தில் வெட்டு வலிமை அளந்தது எத்தனை மாதிரியில்?"

"240 சார்."

"அப்படியானால் 12,000 எப்படி வந்தது?"

மாணவர் விளக்கினார். ஒவ்வொரு ஆய்வக மதிப்பையும் அது எடுக்கப்பட்ட ஒரு மீட்டர் அடுக்குக்கே உரியதாக வைத்துக்கொண்டார். அந்த ஒரு மீட்டரில் 50 சிபிடி பதிவுகள் இருக்கின்றன. 50 வரிக்கும் அதே வலிமை மதிப்பு. 240-ஐ 50-ஆல் பெருக்கினால் 12,000. பிறகு எல்லா வரியையும் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்து, 80 சதவீதத்தைப் பயிற்சிக்கும் 20 சதவீதத்தைச் சோதனைக்கும் பிரித்திருக்கிறார்.

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றார். யாரும் எதுவும் சொல்லவில்லை. அவருக்கே புரிந்துவிட்டது. ஒரே மாதிரியின் 50 வரிகளில் 40 பயிற்சியிலும் 10 சோதனையிலும் இருக்கின்றன. அந்த 10 வரியின் விடை ஏற்கனவே பயிற்சியில் 40 முறை வந்துவிட்டது. வலையமைப்பு வலிமையைக் கணிக்கவில்லை, பக்கத்து வரியை நினைவு வைத்துக்கொண்டு ஒப்பித்தது. 0.97 என்பது அந்த ஒப்பித்தலின் மதிப்பெண்.

"சரி, அந்த 240 மாதிரியும் எப்படி எடுத்தவை? தரம் பார்த்தார்களா?" இதுதான் நான் முதலில் சொன்ன கேள்வி.

"அறிக்கைகளில் இருந்ததை அப்படியே எடுத்தேன் சார். தரம் பற்றி எதுவும் எழுதியிருக்கவில்லை."

அரை மணிக்கு முன்னால்தான் 14-ல் ஏழு மாதிரி உதவாது என்று ஒருவர் காட்டிவிட்டுப் போயிருந்தார். அந்த ஏழு மாதிரியும் இந்த 240-க்குள் இருந்திருந்தால்? வலையமைப்பு அவற்றையும் உண்மை என்றே கற்றுக்கொண்டிருக்கும்.

இரண்டு நாள் அவகாசம்

மூத்த நடுவர் ஒரு யோசனை சொன்னார். நால்வரும் நேர்காணலில் எழுந்த கேள்விகளுக்கு இரண்டு நாளில் எழுத்தில் பதில் தரலாம். ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் அது நியாயமில்லை என்பதால் நால்வருக்கும் கொடுத்தோம்.

சிபிடி மாணவரின் பதில் இரண்டாம் நாள் காலையிலேயே வந்தது. ஒரு களத்தை முழுதாக ஒதுக்கி வைத்து, மற்ற ஐந்தில் பயிற்றுவித்து, ஒதுக்கிய களத்தில் கணித்துப் பார்த்திருந்தார். ஆறு களத்துக்கும் மாற்றி மாற்றிச் செய்திருந்தார். பொருத்தம் சராசரியாக 0.41 ஆக இறங்கியது. இரண்டு களங்களில் அவர் ஒதுக்கித் தள்ளிய பழைய சூத்திரமே இவரைவிட நன்றாகக் கணித்தது. இதையெல்லாம் மழுப்பாமல் ஒரே பக்கத்தில் எழுதியிருந்தார். அந்தப் பக்கம் அவர் முதலில் அனுப்பிய இரண்டு பக்கத்தைவிட எனக்கு மேலாகப் பட்டது, அதைக் கூட்டத்திலும் சொன்னேன். மண்ணில் இயந்திரக் கற்றல் செய்கிறவர்களில் நிறையப் பேர் இதே பள்ளத்தில் விழுகிறார்கள். மண்ணின் பண்பு ஆழத்தோடு தொடர்ச்சியாக மாறுவது. 2 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு பதிவுகள் தனித்தனித் தகவல் அல்ல. புள்ளியியல் பாடத்தில் வரும் சீட்டுக்கட்டைத் தரைக்குள் கலைக்க முடியாது.

விவாதம்

இதற்குப் பிறகும் முடிவு எளிதாக வரவில்லை. மூன்றாவது நடுவர் மாணவிக்கு விருது கொடுப்பதை எதிர்த்தார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது: "ஆய்வு விருது என்பது புதிய அறிவுக்கு. மாதிரி குலையும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததைக் கவனமாகத் திரும்பச் செய்வது நல்ல லேப் வேலை. அது ஆய்வு ஆகுமா?"

இதற்கு நான் சொன்ன பதில் அவரே எழுதிய ஓரக்குறிப்பிலிருந்து வந்தது. யூல் ஹ்வோர்ஸ்லெவ் வியன்னாவில், மண் இயக்கவியலின் தந்தை எனப்படும் டெர்சாகியிடம் மாணவராக இருந்தவர். 1937-ல் வெளிவந்த அவருடைய முனைவர் ஆய்வேடு, குழைத்துக் குலைத்த களிமண்ணின் வலிமையைப் பற்றியது. வியன்னாக் களிமண்ணையும் டென்மார்க்கின் சிறு பெல்ட் நீரிணைக் களிமண்ணையும் எடுத்து, வலிமை என்பது அழுத்தத்தை மட்டுமல்ல, உடையும் நேரத்தில் இருக்கும் வெற்றிட விகிதத்தையும் சார்ந்தது என்று காட்டினார். மண்ணின் அழுத்தம், வலிமை, வெற்றிட விகிதம் மூன்றையும் இணைத்துப் பிற்காலத்தில் வந்த மாறுநிலைக் கோட்பாட்டில் (critical state) அவர் பெயரிலேயே ஒரு வரைபடப் பரப்பு இருக்கிறது. அவ்வளவு பெரிய கோட்பாட்டு வேலை செய்த மாணவர், பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1949-ல், என்ன வெளியிட்டார்? மண் மாதிரியை எப்படி எடுப்பது என்று 500 பக்கத்தைத் தாண்டும் அறிக்கை. மாதிரிக் குழாயின் சுவர் எவ்வளவு தடிமன் இருக்கலாம் என்பதற்கு இன்றும் நாம் திருப்பிப் பார்ப்பது அவருடைய பரப்பு விகிதத்தைத்தான், அதாவது குழாய்ச் சுவரின் குறுக்குப் பரப்பை உள்ளே வரும் மாதிரியின் பரப்பால் வகுத்த எண்ணைத்தான். 76.2 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 72.9 உள்விட்டமும் உள்ள குழாய்க்குக் கணக்குப் போட்டால் 9 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். 10-க்குள் இருக்க வேண்டும் என்பது அவர் வகுத்த எல்லை. குலைந்த மண்ணை அவ்வளவு நன்றாக அறிந்தவருக்குத்தான் குலையாத மண்ணை எடுப்பது எவ்வளவு கடினம் என்பதும் தெரிந்திருக்கிறது.

மூத்தவர் வேறு பக்கத்திலிருந்து வந்தார். குலைந்த மாதிரியால் என்ன கெட்டுவிடும், வலிமை குறைவாகத்தானே தெரியும், வடிவமைப்பு பாதுகாப்புப் பக்கமாகத்தானே சாயும் என்று பலர் ஆறுதல் அடைகிறார்கள். அது பாதி உண்மை. குலைந்த மென்களிமண் மாதிரியைத் தரை அழுத்தத்துக்குத் திரும்பக் கொண்டுபோகும்போது அது நீரை விட்டு அடர்ந்துவிடுகிறது. அப்படி அடர்ந்த மண், அதிக உருமாற்றத்தில், தரையில் இருக்கும் மண்ணைவிட வலிமையாகத் தெரியலாம். முன் இறுகல் அழுத்தமோ (மண் இதுவரை தாங்கிய மிகப் பெரிய அழுத்தம்) குறைவாகத் தெரியும், அதனால் அமிழ்வுக் கணக்கு வீங்கும். மாணவியின் இரண்டு மாதிரிகளிலேயே அது தெரிந்தது. நல்லதில் 92 கிலோபாஸ்கல், கெட்டதில் 68. ஒரு கரை அமைக்கும்போது களிமண் 80 கிலோபாஸ்கல் தாங்க வேண்டியிருந்தால், முதல் எண்ணை நம்பினால் அமிழ்வு சிறியது, இரண்டாவதை நம்பினால் பெரியது. தரை ஒன்றுதான். பிழை எந்தப் பக்கம் சாயும் என்பதே சோதனையைப் பொறுத்து மாறுகிறது. "அப்படியிருக்க, எது பாதுகாப்பு?" என்று அவர் கேட்டதற்கு யாரிடமும் உடனே பதில் இல்லை.

நெறியாளர் கடிதங்களையும் மறுபடி புரட்டினோம். பெரும்பாலானவை "கடின உழைப்பாளி, தலைமைப் பண்பு உள்ளவர்" என்ற ரகம். அவற்றிலிருந்து எதுவும் கிடைக்காது. மாணவியின் நெறியாளர் ஒரு வரி எழுதியிருந்தார்: முதல் ஐந்து மாதம் எந்த இரண்டு சோதனையும் ஒத்துப்போகவில்லை, கருவியில் பிழை என்று நான் நினைத்தேன், மாதிரியில் பிழை என்று கண்டுபிடித்தது அவர். முதல் வாசிப்பில் நாங்கள் மூவருமே அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தோம். பரிந்துரைக் கடிதம் எழுதும் நெறியாளர்கள் இப்படி ஒரே ஒரு வரி எழுதினால் போதும் என்று நினைக்கிறேன்.

எதிர்த்த நடுவர் கடைசிவரை புதுமைக்கு 26-க்கு மேல் போடவில்லை. ஆனால் ஆய்வு முறையில் தன் மதிப்பெண்ணை 29 ஆக உயர்த்தினார். இறுதிக் கூட்டலில் மாணவி முதலிடத்துக்கு வந்தார், விருது அவருக்குப் போனது. சிபிடி மாணவருக்கு எந்தப் பரிசும் கொடுக்க விதியில் இடமில்லை. அவருடைய இரண்டாவது பதிலைப் பாராட்டிக் குழுவின் சார்பில் ஒரு கடிதம் எழுதினோம். அது போதாது என்பதே என் எண்ணம். தன் முடிவைத் தானே உடைத்துக் காட்டிய மாணவருக்கு ஏதாவது ஓர் இடம் விதியிலேயே இருக்க வேண்டும்.

படிவத்தில் செய்த மாற்றம்

அடுத்த ஆண்டுப் படிவத்தில் இரண்டு கேள்விகள் சேர்த்தோம். உங்கள் தரவு எந்த மண்ணிலிருந்து வந்தது, அதன் தரத்தை எப்படி அறிந்தீர்கள்? எத்தனை சோதனைகளை ஒதுக்கினீர்கள், ஏன்? மதிப்பெண் பங்கீட்டிலும் கை வைத்தோம், புதுமைக்கு 30, முறைக்கு 40 என்று. இதற்காக நீண்ட நேரம் வாதாட வேண்டியிருந்தது. முறைக்கு அதிக மதிப்பெண் கொடுத்தால் துணிச்சலான யோசனைகள் வராமல் போய்விடும் என்ற பயம் நியாயமானதுதான். அந்த பயம் எனக்கும் முழுக்கப் போகவில்லை.

படிவத்தை மாற்றியதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. அந்த ஆண்டு வந்தவற்றில் நான்கு பேர் இரண்டாவது கேள்விக்கு "எதுவும் ஒதுக்கவில்லை" என்று எழுதியிருந்தார்கள். டிரையாக்சியல் சோதனை செய்த ஒருவர், ஒரு மாதிரிகூட நிறைசெறிவு அடையாமல் (இடைவெளி முழுவதும் நீர் நிறையாமல்) போகவில்லை என்று எழுதினால் எனக்குச் சந்தேகம் வரும். நிறைசெறிவைக் காட்டும் அளவாக ஸ்கெம்ப்டன் 1954-ல் சொன்ன பி காரணி 0.95-ஐத் தொட மறுத்து, அறை அழுத்தத்தை ஏற்றி ஏற்றி இரவெல்லாம் காத்திருந்த அனுபவம் இல்லாத லேப் எங்கே இருக்கிறது? இன்னொருவர் ஒதுக்கிய ஆறு சோதனைக்கும் முழுப் பக்கம் எழுதியிருந்தார். சவ்வு ஓட்டை, வால்வில் கசிவு, ஒருநாள் மின்சாரம் போனது என்று தேதி வாரியாக. அந்தப் பக்கத்தைத்தான் நான் முதலில் படித்தேன்.

விருதுப் பணத்தில் மாணவி பெரிய தொகுதி மாதிரி எடுக்கும் கருவியை வாடகைக்கு எடுத்தார். லெஃபெப்ரும் பூலாங்கும் 1979-ல் ஷெர்ப்ரூக் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய வகை. குழாயை அழுத்துவதற்குப் பதிலாகச் சுற்றிலும் வெட்டி, 250 மில்லிமீட்டர் விட்டமும் 350 மில்லிமீட்டர் உயரமும் உள்ள உருளையாக மண்ணைத் தூக்கும் கருவி அது. ஓரம் குலைந்தாலும் நடுப்பகுதி தப்பிக்கும். ஆண்டு முடிவில் குழுவுக்கு அனுப்பிய அறிக்கையில் அதே களத்தின் மூன்று தொகுதிகளுக்கும் வெற்றிட விகிதத்தை வைத்துக் கணக்கிட்ட தர எண்களைத் தந்திருந்தார்: 0.028, 0.033, 0.061. மூன்றாவது ஏன் அப்படி வந்தது என்று கீழே எழுதியிருந்தார். மேலே தூக்கும்போது வடம் ஒருமுறை வழுக்கி, தொகுதி துளையின் சுவரில் இடித்திருக்கிறது. இடித்த பக்கத்தின் படத்தையும் இணைத்திருந்தார்.